செக் நகரங்களும் பியர் காய்ச்சும் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

பியரைப் பொருளாகக் கொண்ட கட்டுரையொன்று வரலாற்று மாணவரின் கவனத்துக்கு உரியதாகுமா என்ற ஐயம் எழுதல் இயல்பே. குடியும் களியாட்டமும் பற்றிய செய்தியாகவே அது பலருக்குத் தோன்றும். ஆனால் மத்திய ஐரோப்பாவின் பொஹீமிய நிலப்பகுதியில், அதாவது இன்றைய செக் குடியரசில், பியர் காய்ச்சும் உரிமை பல நூற்றாண்டுகளாக ஒருவர் நகரத்தின் முழுக்குடியா அல்லரா என்பதைக் காட்டிய அடையாளங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வுரிமைக்காக நகரங்கள் பிரபுக்களோடு வழக்காடின. பிற்காலத்தில் ஒரே நகரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இரு மொழியினர் வெவ்வேறு பியரை அருந்தும் நிலையும் தோன்றியது.

இன்று பியரின் பொருட்டே அந்நாட்டுக்குச் செல்லும் பயணிகள் பலராவர். அவர்கள் பயணத்தைத் திட்டமிடும் முறை பெரும்பாலும் ஒன்றே. விமானம் பிராக்கில் இறங்குகின்றது. ஆகவே பிராக்கின் பெயர்பெற்ற தவறணைகளில் ஓரிரு நாட்கள் கழிகின்றன. பின்னர் மேற்கே சுமார் 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பில்சனுக்கு ஒரு நாள்; நேரம் எஞ்சுமாயின் தெற்கேயுள்ள செஸ்கே புத்யேயோவிட்சேக்கு ஒரு நாள். இது பெயரின் புகழை வைத்து வகுக்கப்பட்ட வரிசை. இவ்வரிசையிற் செல்பவர் நல்ல பியரை அருந்தித் திரும்புவார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நகரத்துக்கு நகரம் உள்ள வேறுபாடு அவருக்கு நாவின் வேறுபாடாகவே முடிந்துவிடும். எங்கே யார் காய்ச்சினர், யாருக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது என்ற வினாவை முன்வைத்துப் பயணத்தை வகுத்தால் வரிசை மாறும். அப்போது பில்சனில் தொடங்கி, புத்யேயோவிட்சே, திரெபோன், ஜாட்டெட்ஸ் ஆகிய நகரங்களைக் கண்டு, பிராக்கைக் கடைசிக்கு வைப்பதே பொருத்தமாகும். பயணம் புகையிரதத்திலேயே அமைதல் வேண்டும். வாகனம் ஓட்டுபவரின் குருதியில் மதுசாரம் சிறிதும் இருத்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

பொஹீமியாவில் நகரங்கள் திட்டமிட்டு நிறுவப்பட்ட காலம் 13 ஆம் நூற்றாண்டாகும். இரண்டாம் பிரெமிசல் ஒட்டகார் மன்னன் 1265 இல் புத்யேயோவிட்சேயை நிறுவினான். அவன் மகன் இரண்டாம் வென்செஸ்லாஸ் 1295 இல் பில்சனை நிறுவினான். நடுவிற் பெருஞ்சதுக்கமும், அதனைச் சூழ்ந்து நேரிய தெருக்களும், புறத்தே மதிலும் கொண்ட இந்நகரங்களிற் குடியேற மக்களை அழைக்குமிடத்து, மன்னர்கள் அவர்களுக்குச் சில சிறப்புரிமைகளை வழங்கினர். அவற்றுள் ஒன்றே பியர் காய்ச்சும் உரிமை. பில்சனில் 260 வீடுகள் இவ்வுரிமையைப் பெற்றிருந்தன என்பர். இவ்வுரிமை ஆளைச் சாராது வீட்டைச் சார்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. வீடு கைமாறினால் உரிமையும் அதனோடு கைமாறும். மதிலுக்குள் உரிமைபெற்ற வீட்டையுடையவர் தம் முறை வரும்போது காய்ச்சலாம். அவ்வீட்டில் வாடகைக்கு இருந்தவரும், வேலையாளும், மதிலுக்கு வெளியே குடிசை கட்டியிருந்தவரும் அதனை வாங்கி அருந்தலாமேயன்றிக் காய்ச்சுதல் இயலாது.

இலங்கையில் 'பேர்கர்' என்ற பெயர் ஓர் இனக்குழுவைக் குறிக்க வழங்குகின்றது. ஒல்லாந்தர் வழியாக இங்கு வந்த அச்சொல்லின் மூலப்பொருள் நகரக்குடி என்பதே. பில்சனின் 260 வீட்டாரும் அச்சொல்லின் பழைய பொருளிற் பேர்கர்களே. இக்கட்டுரையில் அவர்கள் நகரக்குடிகள் எனப்படுவர்.

வீட்டுரிமையோடு இணைந்து நின்றது 'மைல் உரிமை'. நகரத்தைச் சுற்றி ஒரு மைல் எல்லைக்குள் வேறெவரும் பியர் காய்ச்சவோ விற்கவோ கூடாது என்பது அதன் சாரம். அக்கால மைல் இன்றைய மைலிலும் பன்மடங்கு நீண்டது. எனவே சுற்றியுள்ள கிராமங்கள் யாவும் நகரத்தாரின் பியருக்குச் சந்தையாயின. இவ்வுரிமையின் பெறுமதியை விளங்கிக்கொள்ளாதவிடத்து அதற்காக எழுந்த சச்சரவுகள் வெறும் குடிச்சண்டைகளாகவே தோன்றும்.

பயண வழிகாட்டி நூல்கள் இதற்கும் முந்திய காலத்தை விரும்பிப் பேசுவதுண்டு. 1088 இல் வைஷெகிராட் தேவாலய மன்றத்துக்கு வழங்கப்பட்ட சாசனத்தில் ஹொப்ஸ் பற்றிய குறிப்பு உண்டெனவும், அதுவே செக் பியரின் பிறப்புச் சான்றிதழ் எனவும் அவை கூறும். இன்று கிடைக்கும் அச்சாசனப் பிரதி பிற்காலத்தில் எழுதப்பட்டது என்பதே வரலாற்றாசிரியர் கருத்து. ஆகவே அந்த ஆண்டைச் சற்று ஐயத்தோடு ஏற்பதே முறை. மடங்களிற் பியர் காய்ச்சப்பட்டமை உண்மையே. எனினும் செக் பியரின் வரலாற்றைச் செலுத்திய சக்தி மடங்களிலன்றி நகரங்களிலேயே இருந்தது. பில்சனில் காய்ச்சும் உரிமைபெற்ற பழைய வீடொன்றிலேயே பியர் நூதனசாலை அமைந்துள்ளது. பெரிய பியர்ச்சாலையின் வாயிலுக்கு நேரே செல்லுமுன் பயணி முதலில் இவ்வீட்டுக்குச் செல்லல் வேண்டும். அதன் நிலவறைகளைக் கண்டபின்னரே உரிமை வீட்டுக்குரியது என்பதன் பொருள் கண்ணுக்குப் புலனாகும்.

15 ஆம் நூற்றாண்டின் முடிவில் இவ்வமைப்புக்கு நெருக்கடி தோன்றியது. யகெல்லோன் மரபு மன்னன் விளாதிஸ்லாவின் காலத்தில் அரசின் கை தளர்ந்திருந்தது. பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. பியர் தரும் இலாபத்தைக் கண்ட பிரபுக்கள் தத்தம் நிலங்களிலே தாமே காய்ச்சத் தலைப்பட்டனர். மைல் உரிமையைக் காட்டி நகரங்கள் எதிர்த்தன. 1500 இல் தொகுக்கப்பட்ட நாட்டுச் சட்டக்கோவை பிரபுக்கள் பக்கமே சாய்ந்து, நாட்டுப் பேரவையில் நகரங்களின் வாக்குரிமையையும் கட்டுப்படுத்தியது. இதனால் நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புக்கே சென்றது எனலாம். 1517 இல் எய்தப்பட்ட புனித வென்செஸ்லாஸ் உடன்படிக்கையின்படி நகரங்கள் பியர் மீதான தனியுரிமையைக் கைவிட்டன. பிரபுக்கள் பேரவையில் நகரங்களின் இடத்தை ஏற்றுக்கொண்டனர்.

நகரங்கள் பெற்றதும் இழந்ததும் சமமா என்பது விவாதத்துக்குரியது. பேரவையிற் கிடைத்த வாக்கு மதிப்புடையதே. ஆயினும் அவ்வாக்குக்குப் பலம் தந்த பணம் நாளடைவில் பிரபுக்களின் பியர்ச்சாலைகளுக்குப் பெயர்ந்தது. பிரபுவின் நிலத்துக் குடியானவர் பிரபுவின் பியரையே வாங்கவேண்டியவராயினர். புத்யேயோவிட்சேயிலிருந்து கிழக்கே சிறிது தொலைவிலுள்ள திரெபோனுக்குச் செல்பவர் இதனை நேரிற் காணலாம். ரோஜ்ம்பெர்க் பிரபுக்களும், 17 ஆம் நூற்றாண்டு முதல் ஷ்வார்ட்சென்பெர்க் குடும்பத்தாரும் ஆண்ட ஊர் அது. அங்குள்ள பியர்ச்சாலை தன் மரபை 1379 வரை கொண்டுசெல்கின்றது. ஒருபுறம் அரசனின் நகரம், மறுபுறம் பிரபுவின் ஊர். இடையே ஒரு சிறு புகையிரதப் பயணமே உண்டு.

1547 இல் வேறொரு அடி விழுந்தது. புரட்டஸ்தாந்துப் பிரபுக்களுக்கு எதிரான போரில் முதலாம் பேர்டினாந்து மன்னனுக்கு உதவ மறுத்த அரச நகரங்கள், போர் மன்னனுக்குச் சாதகமாக முடிந்ததும் கடுமையாகத் தண்டிக்கப்பட்டன. அவற்றின் நிலங்கள் பறிக்கப்பட்டன. நிரந்தரமான பியர் வரியும் சுமத்தப்பட்டது. மன்னன் பக்கம் நின்ற பில்சனும் புத்யேயோவிட்சேயும் தப்பின. இன்று பியரால் உலகப் புகழ்பெற்ற இரு நகரங்களும் அன்று தப்பிய நகரங்களே என்பது தற்செயல் நிகழ்வா என்பது சிந்தனைக்குரியது. அது ஒன்றே காரணம் எனக் கொள்ளுதல் மிகையாகும்; எனினும் பழைய உரிமையும் சேமிப்பும் சிதையாதிருந்த நகரங்களில் நகரக்குடிகள் பிற்காலத்தில் ஒன்றுகூடி முதலீடு செய்தல் எளிதாயிற்று எனக் கருதலாம்.

இடைப்பட்ட காலத்தின் அறிவு வளர்ச்சியைச் சுருக்கமாகவே கூறலாம். இரண்டாம் ருடோல்ப் பேரரசனின் மருத்துவரான ததேயாஷ் ஹாயெக் 1585 இல் பியரைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்திஷெக் ஒந்திரேய் போபே (1753–1805) காய்ச்சும் தொழிலில் வெப்பமானியைப் புகுத்தி, அனுபவத்தால் ஊகித்த இடத்தில் அளவீட்டை வைத்தார். பிராக் பேராசிரியர் கார்ல் பாலிங் 1843 இல் வெளியிட்ட அளவுமுறை இன்றும் ஒவ்வொரு தவறணையின் பட்டியலிலும் காணப்படுகின்றது. பயணி 'பத்துப் பாகை', 'பன்னிரண்டு பாகை' என எழுதியிருப்பதைக் கண்டு மதுசாரத்தின் அளவென மயங்குதல் கூடாது. நொதிக்குமுன் சாற்றிற் கரைந்திருந்த பதார்த்தத்தின் அளவே அது. பன்னிரண்டு பாகைப் பியரில் மதுசாரம் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்காகும். இவ்வேறுபாட்டை அறியாது அஞ்சியவரும் உண்டு. அறியாது துணிந்தவரும் உண்டு.

இனிப் பில்சன். 1838 இல் அந்நகரத்தில், அருந்தத் தகாதது எனத் தீர்க்கப்பட்ட 36 பீப்பாய்ப் பியர் நகரமன்றத்தின் முன்னே கொட்டப்பட்டது. சினங்கொண்ட மக்களின் எழுச்சியாக இதனைச் சித்திரிப்பது வழக்கம். அது முழு உண்மையன்று. காய்ச்சியவர்களும் நகரக்குடிகள், கொட்டுவித்த மன்றத்திலிருந்தவர்களும் நகரக்குடிகள். தம் உரிமையைத் தாமே பழுதாக்கிக்கொண்டோம் என்ற அச்சமே அங்கு வெளிப்பட்டது. பவேரியாவிலிருந்து வந்த, குளிரில் மெதுவாக நொதித்த அடிநொதிப்புப் பியர் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. தத்தம் வீட்டில் முறைவைத்துக் காய்ச்சும் பழைய ஏற்பாட்டால் அதனோடு போட்டியிட முடியவில்லை. ஆகவே உரிமைபெற்ற வீட்டார் 1839 இல் தமக்கெனப் பொதுவான ஒரு பியர்ச்சாலையைக் கட்டத் தீர்மானித்தனர். அவ்வழைப்பு ஜேர்மன் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் நன்று. அக்காலத்து நகரக்குடிக்கு இரு மொழியும் புழக்கத்தில் இருந்தன.

மார்ட்டின் ஷ்டெல்சர் கட்டடத்தை அமைத்தார். பவேரியாவின் வில்ஸ்ஹோபன் ஊரவரான யோசப் குரோல் காய்ச்சுநராக அமர்த்தப்பட்டார். 1842 ஒக்டோபர் 5 ஆம் நாள் அவர் முதன்முறையாகக் காய்ச்சிய பியர் நவம்பர் 11 ஆம் நாள், புனித மார்ட்டின் திருநாளில், மக்களுக்கு வழங்கப்பட்டது. பவேரியப் பியரைப் போன்ற கருமையான பியரை எதிர்பார்த்தவர் முன்னே பொன்னிறப் பியர் நின்றது. இங்கிலாந்து முறையில் இளஞ்சூட்டில் உலர்த்திய வெளிறிய மோல்ட், பில்சனின் மென்மையான நீர், ஜாட்டெட்ஸ் பகுதி ஹொப்ஸ், பவேரிய மதுவம், மணற்பாறையைக் குடைந்த குளிர்ந்த சுரங்கங்கள் ஆகிய ஐந்தும் ஒருங்கே கூடிய விளைவு அது. ஒரு தனிமனிதரின் மேதைமைக்கே இதனை உரியதாக்குவோர், குரோலின் ஒப்பந்தம் 1845 இல் முடிந்து அவர் ஊர் திரும்பிய பின்னரும் அப்பியர் குன்றாது வளர்ந்தமைக்கு விளக்கம் கூறவேண்டியவராவர்.

1862 இல் புகையிரதப் பாதை பில்சனைப் பிராக்கோடு இணைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே பவேரியாவோடும் இணைப்பு ஏற்பட்டிருந்தது. பில்சன் பியர் ஐரோப்பாவெங்கும் சென்றது. அதன் பெயர் அதற்கும் முன்னே சென்றது. பிற நாட்டார் தாம் காய்ச்சிய பொன்னிறப் பியரையும் 'பில்ஸ்னர்' என்றே அழைத்தனர். 'மூல ஊற்று' என்று பொருள்படும் 'உர்குவெல்' என்ற சொல்லைப் பில்சன் பியர்ச்சாலை 1898 இல் தன் பெயரோடு சேர்த்துப் பதிந்ததன் காரணம் இதுவே. உலகில் இன்று காய்ச்சப்படும் பியரின் மிகப் பெரும்பகுதி ஏதோவொரு வகையில் பில்சன் பியரின் வழித்தோன்றலாகும். அப்பெயரை நகரத்தாரால் காத்துக்கொள்ள முடியவில்லை.

பெயரைப் பற்றிய இதே பிரச்சினை புத்யேயோவிட்சேயில் இன்னும் ஆழமான வடிவங் கொண்டது. அந்நகரத்தின் ஜேர்மன் பெயர் புட்வைஸ். அங்கு 1795 இல் உரிமைபெற்ற நகரக்குடிகள் கூட்டாக ஒரு பியர்ச்சாலையை நிறுவினர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அந்நகரத்தவர் ஜேர்மானியரா செக்கரா என்ற கேள்விக்கு விடை எளிதன்று. பலர் இரு மொழியும் பேசினர். தம்மைப் புட்வைஸ் நகரத்தார் என்று கூறிக்கொள்வதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. 1880 முதல் ஒஸ்திரியக் குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொருவரும் தம் அன்றாட மொழியைக் குறிப்பிட வேண்டியதாயிற்று. படிவத்தில் ஒரு மொழிக்கே இடமிருந்தது. இரு மொழியும் பேசிய குடும்பம் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்றாயிற்று. மதிப்பீட்டு ஆண்டுகளில் இரு தரப்புத் தலைவர்களும் வீடுவீடாகச் சென்று ஆட்சேர்ப்பு நடத்தினர்.

காய்ச்சும் உரிமை நிலவுடைமை சார்ந்தது என்பது மேலே கூறப்பட்டது. நகரத்தின் பழைய வீடுகளிற் பெரும்பாலானவை ஜேர்மன் சார்புடையோர் கையில் இருந்தமையால் பழைய பியர்ச்சாலையும் அவர்கள் கையிலேயே இருந்தது. கிராமங்களிலிருந்து வந்து பெருகிய செக்கர்களுக்கு எண்ணிக்கை இருந்தது, வீட்டுரிமை இருக்கவில்லை. 1869 இல் பொஹீமியாவில் பழைய காய்ச்சும் தனியுரிமை சட்டத்தால் ஒழிக்கப்பட்டமை புதிய வழியொன்றைத் திறந்தது. பணமிருந்தால் யாரும் காய்ச்சலாம். அவுகுஸ்ட் சாட்கா முதலிய செக் தலைவர்களின் முயற்சியால் 1895 இல் செக் பங்குப் பியர்ச்சாலை எழுந்தது. 'அவரவர் அவரவரிடமே வாங்குக' என்ற முழக்கம் ஒலித்த காலம் அது. மளிகைக் கடையும் வங்கியும் பாடசாலையும் இரண்டானதுபோலப் பியரும் இரண்டாயிற்று. ஒருவர் எந்தத் தவறணையில் எந்தக் குவளையை உயர்த்துகின்றார் என்பது அவர் எந்த இனத்தவர் என்பதற்குச் சாட்சியாகக் கொள்ளப்பட்டது.

இவ்விடத்துச் செக் தரப்பின் முயற்சியைக் குறைகூறுதல் எளிதன்று. வாசல் அடைக்கப்பட்டவர்கள் தமக்கென ஒரு வாசலை அமைத்துக்கொண்டனர். அதேவேளை, பிளவு எல்லாத் துறைகளிலும் வேரூன்றியபின் அதனை மீளப் பொருத்துவது எத்துணை அரிது என்பதும் இந்நகரத்தின் கதையிலேயே தெரிகின்றது. மொழிவாரியாக நகரசபையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடொன்றில் இரு தரப்பாரும் நெடுங்காலப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1914 இல் இணக்கங் கண்டனர். அவ்வாண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. ஏற்பாடு நடைமுறைக்கு வரவில்லை. 1918 இல் பேரரசு வீழ்ந்து செக்கோசிலோவாக்கியா தோன்றியது. 1939 இல் நாசி ஜேர்மனி நாட்டை விழுங்கியது; நகரத்தின் யூதர்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1945–46 இல் ஜேர்மன் மொழியினர் ஏறத்தாழ முற்றாக வெளியேற்றப்பட்டனர். புட்வைஸ் நகரத்தார் என்ற பழைய கூட்டத்தின் எச்சமாக அந்நகரத்தில் நின்றவை இரு பியர்ச்சாலைகளே.

அமெரிக்க வழக்கைப் பலரும் அறிவர். சென்ட் லூயிஸ் நகரத்தில் 1876 இல் 'புட்வைசர்' என்ற பெயரில் ஒரு பியர் வெளிவந்தது. 1895 இல் தோன்றிய செக் பியர்ச்சாலைக்கு அது மூத்தது. 1795 இல் தோன்றிய பியர்ச்சாலைக்கு இளையது. நகரத்தின் பெயர் நகரத்துக்கு உரியதா, முதலிற் பதிந்த கொம்பனிக்கு உரியதா என்ற வழக்கு நூறாண்டுக்கு மேலாகப் பல நாட்டு நீதிமன்றங்களில் நடந்தது. 1939 ஆம் ஆண்டு உடன்பாட்டால் வட அமெரிக்கா அமெரிக்கரின் பங்காயிற்று. இதன் முடிவு விசித்திரமானது. நகரக்குடிகளின் பழைய பியர்ச்சாலையை, அமெரிக்கப் புட்வைசரை உடைமையாகக் கொண்ட பன்னாட்டுக் கொம்பனி 2014 இல் விலைக்கு வாங்கியது. செக் மக்களின் பங்குப் பணத்தில் எழுந்த புத்வார் பியர்ச்சாலை அரச உடைமையாகவே நிலைத்துள்ளது. இரண்டையும் ஒரே நாளிற் காணலாம். புத்வாரின் சுற்றுலா வாயிலோடு திரும்பிவிடாது, பழைய பியர்ச்சாலையையும் பார்ப்பவரே நகரத்தை முழுமையாகக் கண்டவராவார்.

உரிமை பெற்றோரைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. உழைத்தோரைக் காணவேண்டுமாயின் பிராக்கின் வடமேற்கேயுள்ள ஜாட்டெட்ஸ் செல்லல் வேண்டும். ஹொப்ஸ் கொடிகள் உயர்ந்த கம்பிப் பந்தலில் ஏறி, ஓகஸ்ட் இறுதியில் அறுவடைக்கு வரும். அதன் காய்களைப் பறிக்கும் பருவம் சில வாரங்களே. ஆட்கள் ஏராளமாகத் தேவை. சோசலிச ஆட்சிக்காலத்தில் பாடசாலை மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அணியணியாக இங்கு அனுப்பப்பட்டனர். 1964 இல் வெளிவந்த 'ஹொப்ஸ் பறிப்போர்' என்ற இசைத் திரைப்படம் அம்மாணவர் வாழ்வையே கதையாகக் கொண்டது. அதற்கு முந்திய காலத்தில் இப்பகுதியின் விளைவிப்போர் பெரும்பாலும் ஜேர்மன் மொழியினர். ஹொப்ஸ் வணிகத்தில் யூதக் குடும்பங்கள் பெரும்பங்கு வகித்தன. இரு சாராரும் இன்று அங்கில்லை. உலர்த்தும் கூடங்களும் களஞ்சியங்களும் உயர்ந்த புகைபோக்கிகளும் நிற்கின்றன. 2023 இல் யுனெஸ்கோ இந்நிலக்காட்சியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

பயணத்தின் இறுதியில் பிராக். 1499 முதல் காய்ச்சி வருவதாகக் கூறும் 'ஊ பிளெகூ' தவறணை இன்றும் தன் கருநிறப் பியரைத் தானே காய்ச்சுகின்றது. அங்கு இன்று பயணிகளே நிறைந்திருப்பர். ஆயினும் ஒரு வீடு, அவ்வீட்டுக்கு ஒரு பியர் என்ற பழைய முறை உயிரோடிருப்பதைக் காண அதைவிடச் சிறந்த இடம் நகரத்தில் இல்லை. ஹாஷெக்கின் 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்' தொடக்கத்திற் கைதாகும் தவறணையும் இந்நகரத்திலேயே உண்டு. பேரரசரின் படத்தில் ஈ இருந்ததைப் பற்றிப் பேசியதே அங்கு குற்றமாகிவிடுகின்றது. மக்கள் மனம் விட்டுப் பேசும் இடமும், பொலிசார் செவிமடுக்கும் இடமும் தவறணையே.

1945 இல் பெரிய பியர்ச்சாலைகளும் 1948 இன் பின் எஞ்சியவையும் அரசுடைமையாயின. காய்ச்சும் உரிமை வீட்டிலிருந்து பங்குதாரருக்கும், பங்குதாரரிலிருந்து அரசுக்கும் இவ்வாறு பெயர்ந்தது. 1989 இன் பின் அது மீண்டும் சந்தைக்கு வந்தது. பில்சன் பியர்ச்சாலை 1999 இல் தென்னாபிரிக்கக் கொம்பனியிடமும், 2017 இல் யப்பானிய ஆசாகிக் கொம்பனியிடமும் சென்றது. மறுபுறம் சிறு பியர்ச்சாலைகள் நானூறுக்கு மேல் தோன்றியுள்ளன.

பெரிய பியர்ச்சாலையொன்றின் பீப்பாய்களுக்கிடையே தோன்றிய நாடகமொன்றும் உண்டு. நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், தம் நாடகங்கள் தடைசெய்யப்பட்ட நிலையில், 1974 இல் வடகிழக்கிலுள்ள துருட்னோவ் பியர்ச்சாலையிற் பீப்பாய் உருட்டும் தொழிலாளியாக வேலை செய்தார். மறு ஆண்டில் அவர் எழுதிய 'சந்திப்பு' என்ற ஓரங்க நாடகம் பியர்ச்சாலை அலுவலகமொன்றில் நிகழ்கின்றது. காய்ச்சுநர் எழுத்தாளரான தொழிலாளிக்குப் பியரை ஊற்றிக்கொண்டேயிருக்கின்றார். இறுதியில், தாம் பொலிசாருக்குக் கொடுக்கவேண்டிய அவரைப் பற்றிய உளவறிக்கையை அவரே எழுதித் தரவேண்டும் என்று கேட்கின்றார்.

பிராக்கின் பழைய நகரப்பகுதியில் 'பொற்புலி' என்று பெயர்கொண்ட தவறணையுண்டு. அங்கு இருக்கை கிடைப்பது எளிதன்று. மாலை தொடங்குமுன்னரே வாயிலிற் காத்திருத்தல் வேண்டும். பரிசாரகர் கேளாமலே குவளையை வைத்து, மேசையிலுள்ள கடதாசித் துண்டில் ஒரு கோடு கிழிப்பார். போதும் என்பவர் குவளையின் மேல் அட்டையை வைத்து மூடிவிடல் வேண்டும். நிம்பர்க் நகரத்துப் பியர்ச்சாலையில் வளர்ந்த எழுத்தாளர் பொகுமில் ஹிராபல் நெடுங்காலம் அமர்ந்திருந்த மேசை அங்குள்ளது. 1994 சனவரியில், துருட்னோவில் பீப்பாய் உருட்டி இருபது ஆண்டுகள் கழிந்தபின், சனாதிபதி ஹாவெல் அமெரிக்கச் சனாதிபதி கிளின்ரனை அழைத்துவந்து ஹிராபலோடு அமரவைத்தது அத்தவறணையிலேதான். அன்று அவர்களுக்கு ஊற்றப்பட்டது பில்சன் பியர்.